பிரெஞ்சில் ‘நான்’ இல்லாமல் பேச முடியாதா?

பிரெஞ்சு கற்கத் தொடங்கியவர்கள் ‘ஜெ, த்யூ, இல், எல்’ (நான், நீ, அவன், அவள்) பற்றிக் கேட்டவை இவை. பிரெஞ்சுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஒலி கிட்டத்தட்டத்தான் வரும், பேசுபவர்களைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

தமிழில் ‘வருகிறேன்’ என்றாலே போதும். பிரெஞ்சில் மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் ‘ஜெ’?

நம் வினையின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார்: வருகிறேன், வருகிறாய், வருகிறாள். பிரெஞ்சின் தாயான லத்தீனிலும் இப்படித்தான். ஆனால் பிரெஞ்சில் அந்த விகுதிகள் வாயில் தேய்ந்துபோய், எழுத்தில் மட்டும் மிஞ்சின. ‘பேசு’ என்ற வினையைப் பாருங்கள். ஜெ பார்ல் (பேசுகிறேன்), த்யூ பார்ல் (பேசுகிறாய்), இல் பார்ல் (பேசுகிறான்), மறுபடியும் இல் பார்ல் (பேசுகிறார்கள்). எழுதும்போது மூன்று விதமான முடிவுகள், காதில் விழுவது ஒரே ‘பார்ல்’. ‘நூ பார்லோன்’ (பேசுகிறோம்), ‘வூ பார்லே’ (பேசுகிறீர்கள்) இரண்டும்தான் தனித்துக் கேட்கும். ஆக, நம் விகுதியின் வேலையை அங்கே முன்னால் நிற்கும் குட்டிச் சொல் பார்க்கிறது. ‘ஜெ’ என்றால் ‘நான்’ என்று மனப்பாடம் செய்யாமல், ‘-ஏன்’ விகுதி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கதவைத் தட்டினேன். “யாரு?” என்றார்கள். “ஜெ” என்றேன். உள்ளே ஒரே சிரிப்பு!

சிரிக்கத்தான் செய்வார்கள். “யாரு?” என்றதற்கு “ஏன்” என்று வெறும் விகுதியைச் சொன்ன மாதிரி இருந்திருக்கும். தனியே நிற்க வேறு சொற்கள் உண்டு: முவா (நான்), துவா (நீ), லுயி (அவன்). “ஸே முவா” (நான்தான்) என்றிருக்க வேண்டும். நாம் ‘நான்’ என்று அழுத்திச் சொல்லும் இடத்திலும் இதுதான். “முவா, ஜெ பார்ல் தமூல்”: நான் தமிழ் பேசுவேன் (நீ எப்படியோ!).

நீ, நீங்கள் என்பதுதானே த்யூ, வூ?

பெரும்பாலும். கடைக்காரர், அதிகாரி, முன்பின் தெரியாதவர் எல்லாருக்கும் ‘வூ’. வீட்டுக்குள் கணக்கு மாறும். தாத்தாவைக்கூட ‘த்யூ’ என்பார்கள், அதில் மரியாதைக் குறைவு இல்லை. கத்தோலிக்கர்களின் ‘விண்ணகத் தந்தையே’ செபத்தில் 1966 வரை கடவுளுக்கு ‘வூ’ போட்டார்கள், புதிய மொழிபெயர்ப்பில் அவரும் ‘த்யூ’ ஆகிவிட்டார். நம் ‘உமது’வுக்கு அங்கே ஈடு கிடையாது. சந்தேகம் வந்தால் ‘வூ’விலேயே இருங்கள், ‘த்யூ’வுக்கு மாறலாமா என்று அவர்களே கேட்பார்கள்.

என் ஆசிரியரைப் பற்றி எழுதும்போது ‘அவர்’ என்பதற்குப் பன்மை ‘இல்’ போட்டேன். தவறு என்கிறார்கள்.

தவறுதான். நம்மவர்கள் அடிக்கடி செய்வது. படர்க்கையில் பிரெஞ்சுக்கு மரியாதைப் பன்மை கிடையாது. குடியரசுத் தலைவரும் ஒருமை ‘இல்’தான், அவர் வீட்டு நாயும் ‘இல்’தான். மரியாதையெல்லாம் ‘முஸ்யூ’ (ஐயா), ‘மதாம்’ (அம்மா) என்று விளிப்பதில் இருக்கிறது.

ஒருமை, பன்மை இரண்டுமே ‘இல்’ என்றால் கேட்பவர் எப்படிப் பிரிப்பது?

உயிரொலியில் தொடங்கும் வினையானால் பன்மையில் ஒரு ‘ஸ்’ (வண்டின் ரீங்காரம் போல) எட்டிப் பார்க்கும்: ‘இலேம்’ நேசிக்கிறான், ‘இல்ஸேம்’ நேசிக்கிறார்கள். ‘பார்ல்’ போன்றவற்றில் இடம் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

மேசைக்கு ஏன் ‘எல்’ (அவள்)?

அங்கே அஃறிணை இல்லை. சொல்லின் பால் எதுவோ அதுவே. ‘பெர்ஸோன்’ (நபர்) பெண்பால் சொல், அதனால் மீசை வைத்த ஆளும் அந்த வாக்கியத்தில் ‘எல்’ ஆகிவிடுவார்!

‘ஒன்’ என்பது ‘நாம்’தானா?

பேச்சில் ‘நூ’வை ஓரங்கட்டியது அதுதான். “போகலாம்” என்பதற்கு “ஒன் நி வா”. பொருள் பன்மை, வினை ஒருமை. நாமா, நாங்களா என்ற பிரிவு இரண்டிலும் கிடையாது. முறையான கடிதத்தில் ‘நூ’ போடுங்கள்.

“இல் ப்ளொ” என்றால் மழை பெய்கிறது. அந்த ‘இல்’ யார்?

யாருமில்லை. வினை முன்னால் ஆளில்லாமல் நிற்கக் கூடாது என்பதற்காக நிறுத்திய பொம்மை. “இல் ஃபோ” (வேண்டும்) என்பதிலும் அதே பொம்மைதான். ஆனால் பேச்சில் வெறும் “ஃபோ” என்று ‘இல்’லை விழுங்கிவிடுவார்கள். அங்கே யார் என்று குழம்ப ஆளே இல்லையே!