நடனக் கூடத்தில் தொடங்கிய பல்கலைக்கழகம்: ஹோவர்ட் பற்றிய கேள்வி பதில்

வாஷிங்டன் நகரிலுள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் வரலாறு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் கல்லூரி நூலகராகப் பணியாற்றியவள் என்பதால் அதன் நூலகத்தைப் பற்றி அதிகம் சொல்வேன், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி (திருச்சி வாசகர்): அம்மா, ஹார்வர்டைப் போய்க் கறுப்பினத்தவர் பல்கலைக்கழகம் என்று ஏன் சொல்கிறார்கள்?

பதில்: ஹார்வர்ட் வேறு, ஹோவர்ட் வேறு. முன்னது 1636-இல் மாசசூசெட்ஸில் தோன்றியது. நான் எழுதுவது 1867-இல் வாஷிங்டனில் தோன்றியதைப் பற்றி. தமிழில் எழுதும்போது இரண்டு பெயர்களும் நெருங்கிவிடுவதால், ஒன்றின் பெருமை மற்றொன்றின் கணக்கில் ஏறிவிடுகிறது. பெயரைப் படித்ததும் ஊரையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அதைத் தொடங்கியவர்கள் யார்? எந்தச் சூழலில் தொடங்கினார்கள்?

பதில்: உள்நாட்டுப் போர் முடிந்த மறு ஆண்டு, 1866 நவம்பரில், வாஷிங்டனின் ஒரு கிறித்தவத் திருச்சபையைச் சேர்ந்தவர்கள், அடிமைநிலையிலிருந்து விடுதலை பெற்ற மக்களிடையே பணியாற்றப் போதகர்களைப் பயிற்றும் ஓர் இறையியல் பள்ளியைத் தொடங்கலாம் என்று கூடிப் பேசினார்கள். போதகர்கள் மட்டும் போதுமா, ஆசிரியர்கள் வேண்டாமா, மருத்துவர்கள் வேண்டாமா என்று பேச்சு வளர, சில மாதங்களுக்குள் அது பல்கலைக்கழகத் திட்டமாகவே விரிந்துவிட்டது. 1867 மார்ச் 2 அன்று அதற்கான சாசனத்தில் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் கையெழுத்திட்டார். விடுதலை பெற்றோரின் மறுவாழ்வுக்கென அரசு அமைத்திருந்த ஃப்ரீட்மென்ஸ் பீரோவின் தலைவரான ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. முதல் வகுப்புகள் நடந்த இடம், முன்பு நடனக் கூடமாகவும் மதுக்கடையாகவும் இருந்த ஒரு வாடகைக் கட்டடம். பிறகு நகரின் வடக்கே மேட்டு நிலத்தில் 150 ஏக்கர் பண்ணை ஒன்றை வாங்கி, அதன் ஒரு பகுதியை மனைகளாகப் பிரித்து விற்றுக் கடனை அடைத்தார்கள். மருத்துவக் கல்லூரி 1868-இலும், சட்டப் பிரிவு 1869-இலும் தொடங்கின. அந்தச் சட்டப் பிரிவில் 1872-இல் பட்டம் பெற்ற சார்லட் ரே, அமெரிக்காவின் முதல் கறுப்பின பெண் வழக்கறிஞர் ஆனார்.

கேள்வி (கோவை வாசகர்): அங்கே கறுப்பினத்தவர் மட்டுமே சேர முடியுமா?

பதில்: இல்லை. சாசனம் யாரையும் இனத்தாலோ பாலாலோ விலக்கவில்லை. முதன்முதலில் சேர்ந்த நால்வரும் நிறுவனர்களின் குடும்பங்களைச் சேர்ந்த வெள்ளைச் சிறுமிகள். 'வரலாற்றுவழிக் கறுப்பினப் பல்கலைக்கழகம்' என்பது 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் வகுத்த சொல். 1964-க்கு முன் தோன்றி, கறுப்பின அமெரிக்கர்களின் கல்வியையே முதன்மை நோக்கமாகக் கொண்ட நிறுவனங்களை அது குறிக்கும். இன்று அப்படிச் சுமார் நூறு உள்ளன.

கேள்வி (சென்னை வாசகர்): என் மகளுக்கு அங்கே உதவித்தொகை கிடைக்குமா?

பதில்: பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கே நேரடியாக எழுதுங்கள்.

கேள்வி (மதுரை வழக்கறிஞர்): சட்டக் கல்லூரி பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

பதில்: 1926 வரை ஹோவர்டின் தலைவர்கள் எல்லாரும் வெள்ளையர்களே. அந்த ஆண்டில் பொறுப்பேற்ற மார்டிகாய் ஜான்சன்தான் முதல் கறுப்பினத் தலைவர். 1960 வரை அவரே நடத்தினார். அவர் காலத்தில் சட்டக் கல்லூரியைச் சீர்திருத்தும் பொறுப்பு 1929-இல் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டனிடம் வந்தது. (இவர் படித்தது ஹார்வர்டில், கற்பித்தது ஹோவர்டில். ஊரைப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.) பகலில் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து படித்துக்கொண்டிருந்த பள்ளி அது. ஹூஸ்டன் அந்த மாலை வகுப்பை மூடி, அதை முழுநேரக் கல்லூரியாக்கினார். உழைத்துப் படித்த எத்தனையோ பேருக்கு அதனால் கதவு அடைபட்டது. எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. ஆனால் 1931-இல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. அரசியல் சட்டத்தைக் கையில் எடுத்து இனப் பிரிவினையை நீதிமன்றத்தில் படிப்படியாகத் தகர்க்கக்கூடிய வழக்கறிஞர்களை உருவாக்குவதே அவருடைய திட்டம்.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் தர்குட் மார்ஷல். பால்டிமோரிலிருந்து நாள்தோறும் ரயிலில் வந்து படித்து, 1933-இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். அவருடைய சொந்த மாநிலமான மேரிலாண்டின் சட்டக் கல்லூரி அப்போது கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆசிரியரும் மாணவருமாகச் சேர்ந்து அந்தக் கல்லூரியின் மேலேயே வழக்குத் தொடுத்து, 1935-இல் பால்டிமோர் நீதிமன்றத்திலும், 1936 தொடக்கத்தில் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பாதை அங்கிருந்துதான் செல்கிறது. ஹூஸ்டன் அதைப் பார்க்கவில்லை, 1950-இலேயே மறைந்தார்.

கேள்வி (நாகர்கோவில் செவிலியர்): இரத்த வங்கியை உருவாக்கிய ஹோவர்ட் பேராசிரியர் டாக்டர் சார்ல்ஸ் ட்ரூ, விபத்தில் சிக்கியபோது கறுப்பினத்தவர் என்பதால் சிகிச்சை மறுக்கப்பட்டு இறந்தார் என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மையன்று. 1950 ஏப்ரலில் வட கரோலினாவில் நடந்த கார் விபத்தில் அவர் இறந்தார். அருகிலிருந்த மருத்துவமனையின் வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள், காயங்கள் மிகக் கடுமையானவை. இந்தக் கதையை யாரும் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் உண்மையில் நடந்த அநீதியை அது மறைத்துவிடுகிறது. இரத்தத்தைச் சேமிக்கும் முறையை வகுப்பதில் முன்னின்ற அவருடைய நாட்டிலேயே, இரண்டாம் உலகப் போரின்போது கறுப்பினத்தவர் கொடுத்த இரத்தத்தைத் தனியே பிரித்து வைத்தார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார்.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): நம் பகுதியோடு ஹோவர்டுக்குத் தொடர்பு ஏதும் உண்டா அம்மா?

பதில்: உண்டு. பல்கலைக்கழகத் தேவாலயத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹோவர்ட் தர்மன் 1935-இல் இலங்கைக்கு வந்தார். உங்கள் முன்னோரை அடிமைகளாக்கியவர்களின் மதத்தைப் பரப்ப நீங்கள் ஏன் வந்தீர்கள் என்று கொழும்பில் சட்டத்துறையைச் சேர்ந்த ஒருவர் அவரைக் கேட்டார். அந்தக் கேள்வி தர்மனை வாழ்நாள் முழுதும் விடவில்லை. 1936-இல் அவர் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார்.

கேள்வி (வேலூர் வாசகர்): கமலா ஹாரிஸ் படித்தது அங்கேதானே?

பதில்: ஆம், 1986-இல் பட்டம் பெற்றார். அவருடைய தாயார் சியாமளா கோபாலன் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

கேள்வி (பாளையங்கோட்டை நூலகர்): நூலகத்தைப் பற்றி எப்போது சொல்வீர்கள்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். 1914-இல் ஜெஸ்ஸி மூர்லண்ட் என்பவர் கறுப்பின வரலாறு பற்றிய தம் நூல் தொகுப்பைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடையாகத் தந்தார். 1930-இல் அதன் பொறுப்பு டாரதி போர்ட்டர் என்ற இளம் நூலகரிடம் வந்தது. அடுக்கி வைக்க முனைந்ததும் அவர் முதலில் மோதியது டூயி தசம வகைப்பாட்டு முறையோடு. நம் நூலகங்களில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கிறதே, அதே எண் முறைதான். அதில் கறுப்பினத்தவருக்கு வாய்த்தவை இரண்டே எண்கள்: 325 என்றால் குடியேற்றம், 326 என்றால் அடிமைமுறை. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் கவிதை எழுதினால்கூட, அவர் கறுப்பினத்தவர் என்ற ஒரே காரணத்துக்காகப் பல நூலகங்கள் அந்தக் கவிதை நூலை 325-இல் வைத்தன. கவிதை தேடி 811-க்குப் போகிற வாசகர் கண்ணில் அது படவே படாது.

எண் ஒட்டுவது எழுத்தர் வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: ஒரு நூலை எந்த அடுக்கில் வைக்கிறோம் என்பது, அதை எழுதியவர் யார் என்று நாம் கொடுக்கும் தீர்ப்பு. போர்ட்டர் அந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. கவிதையைக் கவிதையிலும், இசையை இசையிலும், மருத்துவத்தை மருத்துவத்திலும் வைத்து, தொகுப்பு முழுவதையும் பொருள்வாரியாகவும் ஆசிரியர்வாரியாகவும் அடுக்கினார். நூல் வாங்கப் பணம் போதாதபோது பதிப்பகத்தாரிடமும் பழைய புத்தக வணிகர்களிடமும் இலவசமாகக் கேட்டு வாங்கினார். இறந்தவர்களின் வீட்டுப் பரண்களில் கிடந்த கடிதங்களையும் தாள்களையும் குப்பைக்குப் போகுமுன் மீட்டு வந்தார். 1946-இல் ஆர்தர் ஸ்பிங்கார்னின் பெருந்தொகுப்பும் வந்து சேர்ந்தது. 1973-இல் போர்ட்டர் ஓய்வு பெற்றபோது, கறுப்பின வரலாற்றை ஆராய்பவர் எவரும் ஒதுக்க முடியாத இடமாக அது வளர்ந்திருந்தது. கொடையாளர்களின் பெயரில் மூர்லண்ட்-ஸ்பிங்கார்ன் மையம் என்று அழைக்கிறார்கள். போர்ட்டரின் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

கேள்வி (சேலம் வாசகர்): 1879 முதல் ஹோவர்ட் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் பணத்தை வாங்கியிருக்கிறது. அரசு சோறு போட்ட நிறுவனம் அரசை எதிர்த்தது என்பது மிகைப்படுத்தல் அல்லவா?

பதில்: கேள்வி நியாயமானது. 1944 ஏப்ரலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள், பெரும்பாலும் பெண்கள், வெள்ளையருக்கு மட்டுமே உணவு வழங்கிய தாம்சன்ஸ் உணவகத்தில் அமைதியாக அமர்ந்தார்கள். சட்ட மாணவியான பாலி மரே அவர்களை வழிநடத்தியவர்களில் ஒருவர். சில மணி நேரத்தில் உணவகம் பணிந்து பரிமாறியது. ஆனால் நாடாளுமன்றத்தின் நிதி நின்றுவிடுமோ என்ற அச்சத்தில், போராட்டத்தை நிறுத்தும்படி பல்கலைக்கழக நிர்வாகமே மாணவர்களுக்குச் சொன்னது.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): சேலத்து நண்பர் சொல்வதை நான் மறுக்கிறேன். பணம் வாங்கியதால் வாய் மூடிவிட்டதா என்ன? ஹூஸ்டனின் சம்பளம் எங்கிருந்து வந்தது?

பதில்: நானும் உங்கள் பக்கம் சாய்கிறேன். இன்னும் நெருக்கமான சான்று ஒன்று உண்டு. வாஷிங்டன் எந்த மாநிலத்திலும் சேராதது. அதன் பள்ளிகள் மைய அரசின் ஆளுகையில் இருந்தன. அங்கே பதினொரு கறுப்பின மாணவர்களை 1950-இல் ஒரு புதிய பள்ளி திருப்பி அனுப்பியதும், வழக்கை உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர்கள் ஹோவர்டின் ஜேம்ஸ் நாப்ரிட்டும் ஜார்ஜ் ஹேய்ஸும். மாநிலங்களைக் கட்டுப்படுத்தும், அரசியல் சட்டத்தின் 14-ஆம் திருத்தம் அங்கே செல்லாது என்பதால், 5-ஆம் திருத்தத்தைப் பிடித்து வாதாட வேண்டியிருந்தது. 1954 மே 17 அன்று வென்றார்கள். சோறு போட்ட கை எதுவோ, அதையே நீதிமன்றத்தில் நிறுத்திய வழக்கு இது.

கேள்வி (ஈரோடு வாசகர்): வெள்ளையர்கள் அங்கே சேரலாமா?

பதில்: கோவை வாசகருக்கு எழுதிய பதிலைப் படியுங்கள். கேட்பதற்கு முன் மேலே உள்ளவற்றை ஒருமுறை பாருங்கள். இதே கேள்வி வேறு பலரிடமிருந்தும் வந்திருக்கிறது.

கேள்வி (சேலம் வாசகர்): அதே நாப்ரிட் பல்கலைக்கழகத் தலைவரானபோது, 1968-இல் மாணவர்கள் அவரையே எதிர்த்து நிர்வாகக் கட்டடத்தைக் கைப்பற்றினார்களே?

பதில்: கைப்பற்றினார்கள். மார்ச் மாதத்தில் நான்கைந்து நாள்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே தங்கினார்கள். அவர் பதவி விலக வேண்டும் என்றும், பாடத்திட்டத்தில் கறுப்பின வரலாறும் பண்பாடும் முதன்மை பெற வேண்டும் என்றும் கேட்டார்கள். நாப்ரிட்டின் வழக்கை மதிக்கும் நான் மாணவர்களின் கோரிக்கையையும் நியாயமானதாகவே கருதுகிறேன். அந்தப் பாடத்துக்கு வேண்டிய நூல்கள், அதே வளாகத்தின் நூலகத்தில், 325-க்கும் 326-க்கும் வெளியே தத்தம் அடுக்குகளில் காத்திருந்தன. டாரதி போர்ட்டர் அப்போதும் பணியில்தான் இருந்தார்.