பைதோவா கிராமங்களுக்கு வறட்சி எச்சரிக்கை: செயலி போதுமா?

வணக்கம். தெற்கு சோமாலியாவின் பைதோவா நகரைச் சுற்றியுள்ள கால்நடை வளர்ப்போருக்கு வறட்சி எச்சரிக்கையைத் திறன்பேசிச் செயலி வழியே எழுத்தில் அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்தத் திட்டத்தை அப்படியே செயல்படுத்த வேண்டாம் என்பதே என் கருத்து.

சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்து அதிகாரபூர்வமாக வந்ததே 1972இல்தான். அதன்பின் நடந்த எழுத்தறிவு இயக்கத்தின் பலனையும் உள்நாட்டுப் போர் சிதைத்துவிட்டதால், மேய்ச்சல் நிலத்தில் செய்தி இன்றும் பெரிதும் காதால்தான் பயணிக்கிறது. 1957இல் தொடங்கிய பிபிசி சோமாலி வானொலியைத் தேநீர்க் கடையில் கூடிக் கேட்பது அங்கே பல தலைமுறைப் பழக்கம்.

கைபேசி இல்லை என்று இதற்குப் பொருளில்லை. வடக்கே ஹர்கெய்சா நகரில் பெட்டிக்கடையின் பலகையில்கூடப் பணம் செலுத்தும் எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். 2009இல் வந்த ‘ஸாத்’ என்ற கைபேசிப் பணச் சேவை இணையமே இல்லாத பொத்தான் கைபேசியிலும் இயங்குகிறது. தெற்கே ஹோர்முத் நிறுவனத்தின் ‘ஈவிசி பிளஸ்’ அதே வேலையைச் செய்கிறது. ஆகவே பதிவு செய்த குரல் அழைப்பையும் உள்ளூர் வானொலியையும் நம்புங்கள்.

குரலைத் தேர்ந்தெடுக்கும்போது மிகுந்த கவனம் தேவை: பைதோவா வட்டாரத்தில் பேசப்படுவது மாய் வழக்கு, மொகதிஷு வானொலிச் சோமாலியில் பதிவு செய்தால் முதியோர் பலருக்குப் பிடிபடாது.

இன்னொன்று, இதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அல் ஷபாப் 2014 ஜனவரியில் கைபேசி இணையத்தை நிறுத்தச் சொல்லி மிரட்டிய தீவிரவாத ஆயுத அமைப்பு; அதன் பிடியிலுள்ள ஊர்களில் திறன்பேசி வைத்திருப்பவரே சந்தேகத்துக்கு உள்ளாகலாம் என்பதால், உங்கள் செயலியை யாரிடமும் பதிவிறக்கச் சொல்லாதீர்கள்.