பாக்டீரியாவுக்குள் யாரும் எதையும் திணிக்கவில்லை

கேள்வி: பாக்டீரியாவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, டிஎன்ஏவைச் சும்மா உள்ளே திணித்து வைத்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் எந்த ஜீன் எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை லாக் ஓபரான் (லாக்டோஸ் சர்க்கரையைச் செரிக்கும் ஜீன்களின் தொகுதி) மாதிரியான சுவிட்சுகள் மட்டும்தான் முடிவு செய்கின்றனவா?
— நுண்ணுயிரியல் மாணவி, திண்டுக்கல்

பதில்: திணித்து வைத்திருக்கிறது என்று சொன்னவர் யாராக இருந்தாலும் அவரோடு எனக்கு வழக்கு உண்டு. பாக்டீரியா என்பது நொதிகள் நிறைந்த ஒரு பை, அவ்வளவுதான் என்று முன்பு ஒரு பேராசிரியர் நமக்குக் கடிதம் எழுதினார். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. இன்னமும் அதே பாடம்தான் நடக்கிறது என்றால் மறுபடியும் பேசத்தான் வேண்டும். உங்கள் கேள்விக்குப் பதில்: சுவிட்சுகள் மட்டும் இல்லை, டிஎன்ஏவின் முறுக்கும் மடிப்பும் ஜீன் இருக்கும் இடமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் குரோமோசோம் ஒரு வளையம். அதில் சுமார் 46 இலட்சம் எழுத்து இணைகள். நீட்டிப் பிடித்தால் ஒன்றரை மில்லிமீட்டர் வரும். செல்லின் நீளமோ 2 மைக்ரோமீட்டர், அதாவது மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்கு. நல்ல தீனி கிடைத்தால் இந்தச் செல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அவ்வளவு நீள டிஎன்ஏவைப் பிரதி எடுத்து, விழுகிற சிக்கையெல்லாம் அவிழ்த்து, ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே அது வளர்கிறது. திணித்து வைத்த பொருளை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

முதலில் முறுக்கைப் பாருங்கள். கிணற்றுக் கயிற்றை ஒரு முனையில் முறுக்கிக்கொண்டே போனால் அது தன்மேலேயே சுருண்டுகொள்ளும் இல்லையா, டிஎன்ஏவும் அப்படித்தான் சுருள்கிறது. ஆனால் பாக்டீரியா அதை இயல்பான சுழற்சிக்கு எதிர்த்திசையில் முறுக்கி வைத்திருக்கிறது. அதனால் இரண்டு இழைகளும் எளிதில் பிரியும். ஒரு ஜீனைப் படிக்க வரும் ஆர்என்ஏ பாலிமரேஸுக்கு முதல் தேவையே இழைகள் பிரிவதுதான். இந்த முறுக்கைப் போடும் நொதி கைரேஸ். 1976இல் மார்ட்டின் கெல்லர்ட்டின் குழு அதைக் கண்டுபிடித்தது. கைரேஸுக்குச் செல்லின் எரிபொருளான ஏடிபி வேண்டும். ஆக, செல்லின் கையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்ற செய்தி, முறுக்கு வழியாக ஒரே நேரத்தில் எத்தனையோ ஜீன்களுக்குப் போய்ச் சேர்கிறது. முறுக்கு தளர்ந்தால் கைரேஸின் சொந்த ஜீன்களே அதிகமாக வேலை செய்யத் தொடங்கும். இதற்கென்று தனி ரெப்ரஸர் (ஜீனை அடக்கும் புரதம்) எதுவும் தேவைப்படவில்லை.

சரி, லாக் ஓபரான். பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஜாக்கோபும் மோனோவும் அதைப் பற்றி 1961இல் எழுதியது பெரிய காரியம், அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கோபம் பாடப்புத்தகப் படத்தின் மேல். நேர்கோட்டில் வரிசையாகப் பெட்டிகள், ஒரு பெட்டியின் மேல் ரெப்ரஸர் உட்கார்ந்திருக்கும். உண்மையில் ரெப்ரஸர் உட்கார மூன்று இடங்கள் உண்டு. ஒரே ரெப்ரஸர் இரண்டு இடங்களைச் சேர்த்துப் பிடிக்க, நடுவில் உள்ள டிஎன்ஏ வளைந்து கண்ணியாகிறது. துணையாக இருக்கும் இரண்டு இடங்களையும் அழித்துவிட்டால் அடக்கும் திறன் 50 மடங்குக்கும் மேல் விழுந்துவிடுகிறது. நீங்கள் சுவிட்ச் என்று எழுதியிருக்கும் அந்தப் பொருளே டிஎன்ஏ மடிந்தால்தான் சரியாக வேலை செய்கிறது. அந்தக் கண்ணியை வரையாமல் லாக் ஓபரானை நடத்தக்கூடாது என்பது என் கட்சி.

எனக்கு மிகவும் பிடித்தது எச்-என்எஸ் என்ற புரதம். அடினினும் தைமினும் மிகுந்த பகுதிகளைத் தேடிப் போய்ப் பிடித்து, அங்குள்ள ஜீன்களை வாயடைக்கும். டைஃபாய்டு போன்ற நோய்களைத் தரும் சால்மொனெல்லா பாக்டீரியா வேறு உயிர்களிடமிருந்து வாங்கிய ஜீன்களில் பெரும்பாலும் இந்த எழுத்துகள் அதிகம். வெளியிலிருந்து வந்த ஜீன் கண்டபடி வேலை செய்து செல்லைக் கெடுக்காமல், பயன்படும் காலம் வரை அடக்கி வைப்பது எச்-என்எஸ்தான் என்று 2006இல் இரண்டு குழுக்கள் காட்டின. அதை எடுத்துவிட்டால் சால்மொனெல்லா வளரவே திணறுகிறது. சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவில் இன்னும் அழகு. அதன் வைர்-எஃப் ஜீன் (குரோமோசோமில் அல்ல, பிளாஸ்மிட் என்ற பெரிய தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கிறது) 32 டிகிரிக்குக் கீழே எச்-என்எஸ் பிடியில் கிடக்கும். நம் குடலின் 37 டிகிரி வந்ததும் டிஎன்ஏவின் வளைவு மாறிப் பிடி தளர்கிறது, நோயுண்டாக்கும் ஜீன்கள் எழுந்துகொள்கின்றன. உடம்புக்குள் வந்துவிட்டோம் என்று அந்தக் கிருமிக்குத் தெரிவிப்பதில் டிஎன்ஏவின் வளைவுக்கும் பங்கு இருக்கிறது!

அப்புறம், இடம். ஈ.கோலை தன் குரோமோசோமைப் பிரதி எடுக்க சுமார் 40 நிமிடம் ஆகும், பிரிவதோ 20 நிமிடத்தில். ஒரு சுற்று முடியும் முன்பே அடுத்த சுற்றைத் தொடங்கினால்தான் கட்டுப்படியாகும். அதனால் தொடக்கப் புள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ஜீன் பல பிரதிகளாகவும் கடைசியில் இருப்பது சில பிரதிகளாகவும் இருக்கும். புரதம் கட்டும் ரைபோசோம்களுக்கான ஆர்என்ஏ ஜீன் தொகுதிகள் ஏழில் பெரும்பாலானவை தொடக்கப் புள்ளிப் பக்கமே இருப்பது இதனால்தான் பொருத்தமாகிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவில் ஸ்போர் (பஞ்ச காலத்தைத் தாங்கும் உறக்க வித்து) உண்டாக்கும் முடிவே இதில் தொங்குகிறது. ஸ்போ-0-எஃப் ஜீன் தொடக்கத்துக்கு அருகில், கின்-ஏ முடிவுக்கு அருகில். பிரதி எடுக்கும்போது முதலாவது இரண்டாகி, இரண்டாவது ஒன்றாகவே நின்று, சமன் குலைந்து, ஸ்போருக்கான கட்டளை அடங்கிக் கிடக்கிறது. பிரதி முடிந்து கணக்கு நேரானதும் கட்டளை எழுகிறது. ஸ்போ-0-எஃப் ஜீனைப் பெயர்த்து முடிவுப் பக்கம் வைத்தபோது அந்த எழுச்சி காணாமல் போனதாக 2015இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஜீனின் எழுத்து மாறவில்லை, இருந்த இடம்தான் மாறியது.

கைரேஸைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது, அதை விட்டுப் போக எனக்கு மனமில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் தாக்குவது இந்தக் கைரேஸைத்தான். டிஎன்ஏவை வெட்டிய நிலையிலேயே அதைச் சிக்க வைத்துக் கிருமியைக் கொல்கிறது. கைரேஸில் 83ஆம் இடத்து அமினோ அமிலம் ஒன்று மாறினால் போதும், மருந்தின் பலம் குறையத் தொடங்கும். இந்தியாவில் இன்று டைஃபாய்டுக்குச் சிப்ரோ பெரும்பாலும் கேட்பதில்லை. சீட்டில்லாமல் விற்கக்கூடாத இந்த மருந்தை இன்னமும் காய்ச்சல் என்று சொல்லி இரண்டு மாத்திரை வாங்கிப் போகிறவர்களைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. நீங்கள் நுண்ணுயிரியல் படிப்பவர், வீட்டில் நீங்கள் சொன்னால் கேட்பார்கள். டெங்கு வைரஸிலும் ஃப்ளூ வைரஸிலும் கைரேஸ் கிடையாது, முறுக்குவதற்கு டிஎன்ஏவே கிடையாது என்று சொல்லுங்கள்.