முதுகுத் தண்டில் கட்டி: ஆபரேஷன் செய்தால் கால் போய்விடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. முதுகுத் தண்டில் கட்டி என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. வேலூரில் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர். முதுகில் கத்தி வைத்தால் கால் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது?

பதில்:

எங்கள் வீட்டிலும் இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். "முதுகுல கத்தி வெச்சா கால் பூடும்" என்று அத்தை வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. முடிவெடுக்க வேண்டியது நீங்கள் ஒருவர்தான், யோசனை சொல்ல மட்டும் ஊரே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. குடியாத்தத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். என் அம்மாவுக்கு ஆபரேஷன் செய்தது எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று பெயர் போடப் போவதில்லை, விளம்பரம் என்பார்கள். உங்கள் அம்மாவின் கட்டியும் என் அம்மாவின் கட்டியும் ஒன்றாகவே இருக்கும் என்றும் சொல்லவில்லை. ஆனால் கால் எதனால் போகும், எதனால் மிஞ்சும் என்பதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

அம்மா பீடி சுற்றி எங்களை வளர்த்தவள். முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திருக்க மாட்டாள். அதனால் முதுகு வலி என்றதும், உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அப்புறம் முழங்கால் தேய்மானம் என்றார்கள். தைலம், பெல்ட், ஊசி எல்லாம் ஆனது. இடுப்புக்கு ஒரு எம்ஆர்ஐ கூட எடுத்தோம். டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோரும் அத்தோடு விட்டுவிட்டார்கள்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் செருப்பு. தெருமுனைக் குழாய்க்குப் போய்விட்டு வந்தால் இடது கால் செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கும். அம்மா ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறுங்காலுமாக வந்து நிற்பாள், நாம் சொன்ன பிறகுதான் குனிந்து பார்ப்பாள். தேய்ந்த முழங்கால் வலிக்கும், சரி. செருப்பு போனது கூடவா தெரியாது? கேட்டால் "வயசாச்சு இல்ல" என்றார்கள். அவளுக்கு அறுபது கூட ஆகவில்லை.

காய்ச்சலுக்காக அரசு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அங்கிருந்த ஒரு இளம் டாக்டரிடம் இந்தச் செருப்பு விஷயத்தைச் சொன்னேன். மாத்திரை எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவைப் படுக்கச் சொன்னார். பைக் சாவியின் முனையால் குதிகாலிலிருந்து விரல் பக்கமாக உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். நமக்கு அப்படிச் செய்தால் கட்டைவிரல் கீழே மடங்கும். அம்மாவுக்கு அது மெதுவாக மேலே நிமிர்ந்தது. பிறகு ஒரு குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே தொட்டுக்கொண்டே வந்தார். மார்புக்குக் கொஞ்சம் கீழே வந்தபோதுதான் "இப்ப சுருக்குனு குத்துது" என்றாள் அம்மா. "கோளாறு முழங்கால்லயும் இல்ல, இடுப்புலயும் இல்ல. மேல முதுகுல இருக்கு" என்றார் அவர்.

இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஆசை. தண்டுவடம், அதாவது முதுகெலும்புக்குள் ஓடுகிற நரம்புத் தண்டு, இடுப்பின் அடிவரை வருவதில்லை. இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது, இரண்டாவது அருகிலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்புக் கொத்துதான். நடு முதுகில் தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருந்தால் இடுப்புக்கு மட்டும் எடுத்த ஸ்கேனில் அது தெரியாது. அதே ஸ்கேனில் தெரிகிற டிஸ்க் பிதுக்கமோ, அந்த வயதில் வலியே இல்லாத பலருக்கும் இருப்பது. இரண்டாவது எம்ஆர்ஐயில், தோள்பட்டைகளுக்கு நடுவே இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குக் கட்டி. மெனிஞ்சியோமா என்றார்கள். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வளர்வது. நடு வயது தாண்டிய பெண்களுக்கு, அதுவும் நடு முதுகில்தான் அதிகம் வருமாம். பெரும்பாலும் புற்று இல்லை. மெல்ல வளர்ந்து தண்டுவடத்தை ஒரு பக்கமாக ஒதுக்கி நசுக்குகிறது, அதனால்தான் கால் மரத்து, விறைத்து, பலமிழந்து போகிறது.

ஆக, அம்மாவின் காலைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது கட்டி. கத்தி இன்னும் பக்கத்திலேயே வரவில்லை. அத்தையிடம் இதைத்தான் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னேன். இந்தியாவிலேயே முதல் நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறை 1949இல் நம் வேலூர் சிஎம்சியில் தொடங்கியது. கனடாவில் மான்ட்ரியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற பெயர்பெற்ற மூளை அறுவை நிபுணரிடம் பயிற்சி பெற்று வந்த டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கையில் ஸ்கேன் கவரோடு ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். லாட்ஜ் போர்டுகளில் கூட வங்காள எழுத்து. பஸ் ஏறினால் வேலூர் வந்துவிடுகிற நாம்தான் மந்திரித்து, கட்டு போட்டு, தைலம் தேய்த்து, எல்லாம் முடிந்து கடைசியில் போகிறோம். இதைச் சொன்னால் ஊர்க்காரர்களைக் குறை சொல்கிறேன் என்பார்கள். சொல்லட்டும்.

ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. "இப்ப மிச்சம் இருக்கற பலத்தைக் காப்பாத்தறதுதான் முதல் வேலை. போன பலம் எவ்வளவு திரும்பும்னு இப்பவே சொல்ல முடியாது. சிலருக்கு ஆபரேஷனுக்கு அப்புறம் பலவீனம் கூடவும் செய்யும்" என்றார். கிருமித் தொற்று, தண்டுவட நீர் கசிவு, காலில் ரத்தம் உறைவது, எல்லாம் கையெழுத்து போடும் தாளில் இருந்தது. நடந்தபடியே வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாகத் தேறுகிறார்கள், படுத்த படுக்கையாகி வெகுநாள் கழித்து வருகிறவர்களுக்குத்தான் கடினம் என்றும் சொன்னார். அம்மா அப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

குப்புறப் படுக்கவைத்து, முள்ளெலும்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் எடுத்து, உறையைத் திறந்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துக் கட்டியைத் துண்டு துண்டாக எடுத்தார்களாம். தண்டுவடத்தை இழுக்காமல் கட்டியை மட்டும் குடைந்து சிறிதாக்கி எடுப்பதால்தான் அவ்வளவு நேரம். வெளியே வந்ததும் அம்மாவைக் கால் விரலை அசைக்கச் சொன்னார்கள். அசைந்தது. அப்புறம் சில நாள் நிமிர்ந்து உட்காராமல் படுக்கை, ஒரு பக்கம் திருப்ப வேண்டுமானால் தோளும் இடுப்பும் ஒன்றாக, கட்டையைப் புரட்டுவதுபோல் புரட்ட வேண்டும். அதைச் செய்தது நானும் ஒரு நர்ஸும்தான். கால் பூடும் என்று சொன்னவர்கள் ஒரு ராத்திரி கூடத் துணைக்கு வந்து படுக்கவில்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து, "அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தவர்களை நான் வெளியே அனுப்பிவிட்டேன்.

கேட்ட கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பணத்துக்கு அலைந்தபோது அம்மாவின் பி.எஃப். ஞாபகம் வந்தது. அத்தனை வருஷம் அவள் சுற்றிய பீடியெல்லாம் வேறு யாரோ ஒருத்தியின் பாஸ் புத்தகத்தில் ஏறியிருக்கிறது. ஏஜென்ட் வீட்டுப் பெண்ணின் பெயராம். அம்மாவுக்குத் தொழிலாளி என்கிற அட்டை கூடக் கிடையாது. இலை சரியில்லை என்று தள்ளிவிட்ட பீடிக்குக் கூலியைப் பிடித்தது மட்டும் சரியாக அவள் கணக்கில். எங்கள் பக்கத்தில் எத்தனையோ பெண்களுக்கு இதே கதைதான். உங்கள் அம்மாவும் பீடி வேலைக்காரர் என்றால் இன்றைக்கே அந்தப் புத்தகத்தை வாங்கி யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, உங்கள் விஷயம். டாக்டரிடம் முதலில் இதைக் கேளுங்கள்: கட்டி எலும்பிலா, உறைக்கு உள்ளேயா, தண்டுவடத்துக்குள்ளேயேவா? மூன்றும் வேறு வேறு. தண்டுவடத்துக்குள் என்றால் ஆபரேஷன் இன்னும் கடினம். எலும்பில் என்றால் முதுகெலும்பு காசநோயாகவும் இருக்கலாம், நம் நாட்டில் அது நிறைய. பலருக்கு மாத்திரையிலேயே சரியாகிவிடும், எல்லோருக்கும் ஆபரேஷன் தேவைப்படாது. வேறு இடத்துப் புற்று பரவியதாகவும் இருக்கலாம், அதற்கு வழியே வேறு. பழைய ஸ்கேன் பிலிம், சிடி எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. பிசியோதெரபியை ஆபரேஷனின் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகுத் தண்டு அடிபட்டுச் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்த டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் வேலூர் பாகாயத்தில் 1966 முதல் மறுவாழ்வு நிலையம் இருக்கிறது. அங்கே எப்படி நடக்கப் பழக்குகிறார்கள் என்று ஒருமுறை பார்த்தால் சொந்தக்காரர்கள் பேச்சு தானாக நிற்கும்.

என் அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். இடது பாதத்தில் மரமரப்பு முழுதும் போகவில்லை, பின்பக்கம் வார் வைத்த செருப்புதான் போடுகிறாள். உங்கள் அம்மாவுக்குச் சிறுநீர் அடைத்தாலோ, அடக்க முடியாமல் போனாலோ, நேற்று நடந்த கால் இன்று தூக்க வரவில்லை என்றாலோ, கொடுத்த தேதி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானாலும், நேராக எமர்ஜென்சிக்குக் கூட்டிப் போங்கள்.