அறக்குளாவும் மலைப்பிரசங்கமும்

அன்பின் டீச்சர்,

உங்கள் எழுத்துகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். என் பெயரைப் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எங்களுக்குத் திருகோணமலையில், வள்ளக்காரரிடம் மீன் வாங்கி விற்கும் வாடி இருக்கிறது. கொழும்பில் படித்து, அங்கேயே கொஞ்சக்காலம் வேலை பார்த்துவிட்டு, போன வருடம்தான் திரும்பி வந்து அப்பாவின் கணக்குகளைப் பார்க்கத் தொடங்கினேன். அப்பா சபைக் காரியங்களில் முன்னுக்கு நிற்கிறவர். அறுவடை விழா ஏலத்துக்குப் பெரிய மீன் எங்கள் வாடியிலிருந்துதான் போகும். கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்குக் கொப்பி, சப்பாத்து வாங்கிக் கொடுப்பார். இதெல்லாம் மெய்யான அன்போடு செய்கிறார்.

ஆனால் வாடிக் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. எஞ்சினுக்கும் வலைக்கும் எங்களிடம் முற்பணம் வாங்கிய வள்ளக்காரர் மீனை எங்களுக்குத்தான் தரவேண்டும். அவர்களுக்குக் கிலோவுக்கு 100 ரூபா குறைத்துப் போடுகிறோம். 10 கிலோ நிறுத்தால் 1 கிலோ கழிவு. கடன் அப்படியே நிற்கும். கேட்டால் அப்பா, “சேர்ச் வேற, தொழில் வேற. நான் குடுக்காட்டி இவங்களுக்கு ஆர் குடுக்கிறது?” என்கிறார்.

மலைப்பிரசங்கத்தை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய ஏலுமா டீச்சர்? அல்லது வாடியை விட்டுவிட்டு, இறையியல் கல்லூரிக்குப் போய் ஊழியத்துக்கு வருவதுதான் வழியா?

இப்படிக்கு,
திருகோணமலை வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி எனக்கு எழுதுகிறவர்களில் அநேகர் கேட்பது, தங்களுக்குத் தீங்கு செய்தவரை மன்னிப்பது எப்படி என்றுதான். உங்கள் கேள்வி மறுபக்கத்திலிருந்து வருகிறது. உங்கள் குடும்பத்தின் மேல் குறையுள்ளவர்களை நினைத்து நீங்கள் கேட்கிறீர்கள். இயேசு மலைப்பிரசங்கத்தில் இதைத்தான் முதலில் எடுக்கிறார். மத்தேயு சுவிசேஷத்தில் அந்தப் பிரசங்கத்தை வாசித்தால், மன்னிப்பைப் பற்றிய பேச்சு ஆறாம் அதிகாரத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பே, ஐந்தாம் அதிகாரத்தில், “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில்” காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிறார்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயர் என்பதைக் கவனியுங்கள். பலிபீடம் இருந்தது எருசலேமில். கலிலேயாக் கடலோரத்திலிருந்து அங்கே போக, திருகோணமலையிலிருந்து அநுராதபுரத்துக்கு நடப்பதைவிடக் கூடுதலான தூரம் நடக்கவேண்டும். பல நாள் நடந்து போய், ஆட்டையோ புறாவையோ கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ஊரில் ஒருவனுக்குத் தன்மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், அப்படியே திரும்பி ஊருக்கு வந்து, அவனோடு சரிப்படுத்திவிட்டு மறுபடியும் போகவேண்டும். கேட்டவர்கள் திகைத்திருப்பார்கள். நமக்கு அந்த நடையும் இல்லை. சேர்ச்சிலிருந்து வாடிக்கு எவ்வளவு தூரம்?

மலைப்பிரசங்கம் துறவிகளுக்கும் போதகர்களுக்கும் சொன்னது என்ற எண்ணம் நம் சபைகளில் ஆழமாக ஊறிக் கிடக்கிறது. அதைக் கேட்டவர்களின் தொழில் உங்கள் தொழில்தான், தம்பி. இயேசுவின் சீடர்களான யாக்கோபும் யோவானும் தகப்பனைக் கூலியாட்களோடு படவிலே விட்டு வந்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். படவு இருந்தது, கூலியாள் இருந்தான், ஆக பங்கும் கூலியும் பற்றிய பேச்சும் இருந்திருக்கும். அதே கரையில், வரி வாங்கும் ஆயத்துறையில் உட்கார்ந்திருந்தவர்தான் இன்னொரு சீடரான லேவி. 1986இல், வறட்சியால் கலிலேயாக் கடலின் நீர்மட்டம் இறங்கியபோது சேற்றுக்குள்ளிருந்து ஒரு பழைய படவு கிடைத்தது. இயேசுவின் காலத்தை ஒட்டியது, 8 மீற்றருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். அதில் 10, 12 வகை மரங்கள் இருந்தன. ஒரு பலகை உக்கினால் கைக்கு அகப்பட்ட இன்னொரு மரத்துண்டை வைத்துப் பொருத்தி, திரும்பத் திரும்ப ஒட்டுப்போட்டு ஓட்டியிருக்கிறார்கள். புதுப் பலகை வாங்க வழியிருந்தவன் அப்படிச் செய்திருக்க மாட்டான். “உன்னிடத்தில் கடன் வாங்க விரும்புகிறவனுக்கு முகங்கோணாதே” என்ற வார்த்தை இப்படிப்பட்ட படவுக்காரர் நடுவில் சொல்லப்பட்டது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். கணக்குப் பார்க்கிறவர் நீங்கள், நான் சொல்வதைக் கொப்பியில் போட்டுப் பாருங்கள்.

ஒரு வள்ளக்காரர் ஒரு இலட்சம் ரூபா முற்பணம் வாங்கியிருக்கிறார் என்று வைப்போம். நாளுக்கு 20 கிலோ அறக்குளாவும் பாரையுமாகக் கொண்டு வருகிறார். கிலோவுக்கு 100 ரூபா குறைத்தால் நாளுக்கு 2,000 ரூபா உங்கள் பக்கம் நிற்கிறது. 50 நாள் கடலுக்குப் போனால் ஒரு இலட்சம். கழிவை நான் இன்னும் சேர்க்கவில்லை. ஐம்பதாம் நாள் முடிவில் நீங்கள் கொடுத்த தொகை முழுவதும் உங்களுக்குத் திரும்பிவிட்டது. உங்கள் கொப்பியில் மட்டும் அந்த ஒரு இலட்சம் அப்படியே நிற்கிறது. இதற்கு வட்டி என்று யாரும் பெயர் வைக்காததால் அப்பாவுக்கும் அது வட்டியாகத் தெரியவில்லை.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. கடன் வாங்கியவர் வள்ளக்காரர் ஒருவர்தான். ஆனால் மீன் விற்ற காசில் எண்ணெய்ச் செலவு போக மிச்சத்தைத்தான் வள்ளத்துக்கும் தொழிலாளிகளுக்கும் பங்கு பிரிக்கிறார்கள். விலையைக் குறைத்தால் கூடப் போன தொழிலாளியின் பங்கும் குறைகிறது. அவன் உங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. வாங்காத கடனுக்கு, இரவு முழுக்கக் கடலில் நனைந்துவிட்டு வந்து, அவன் கட்டுகிறான். யாக்கோபு நிருபத்தில் கூலி “அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது” என்று வரும் இடத்தை அப்பாவோடு உட்கார்ந்து ஒருமுறை வாசியுங்கள். கழிவைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐஸும் தண்ணீரும் வடிவது உண்மை. ஆனால் பத்துக்கு ஒன்று வடியாது, அது அப்பாவுக்கும் தெரியும். கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்று நீதிமொழிகள் சொல்கிறது, அதற்கு விளக்கவுரை வேண்டாம்.

சரி, அப்பா சொல்வதில் நியாயமே இல்லையா? இருக்கிறது. வங்கிக்குப் போனால் பிணைக்கு இரண்டு அரசாங்க உத்தியோகத்தரைக் கொண்டுவா என்பார்கள். கடற்கரையில் குடிசை போட்டிருப்பவர் எங்கே போவார்? 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவுக்கு ஏறியபோது, எஞ்சினை இறக்க வழியில்லாமல் எத்தனை வள்ளங்கள் கரையில் கிடந்தன என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அந்த நேரத்தில் கையில் காசு வைத்த முதலாளிமார் சிலர் இருந்ததால்தான் சில வீடுகளில் அடுப்பு எரிந்தது. கொடுத்த காசு திரும்பாமல் போன கதைகளும் அப்பாவிடம் இருக்கும். இவற்றை ஒப்புக்கொள்ளாமல் அவரோடு கதைக்கத் தொடங்காதீர்கள். அவர் கடன் கொடுத்தது நல்ல காரியம். அந்தக் கடனை வைத்து விலையைப் பிடித்ததுதான் குற்றம். இந்த இரண்டையும் அவர் பிரித்துப் பார்க்க நீங்கள் உதவவேண்டும்.

நாம் மெதடிஸ்தர் என்பதால், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியை இந்த இடத்தில் கூப்பிடாமல் இருக்க முடியாது. பணத்தைப் பற்றிய அவருடைய பிரசங்கத்திலிருந்து, இயன்றதெல்லாம் சம்பாதி, இயன்றதெல்லாம் சேமி, இயன்றதெல்லாம் கொடு என்ற மூன்றையும் நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். முதலாவதற்கு அவர் போட்ட வேலியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அயலானின் பொருளுக்குச் சேதம் வரும் வழியில் சம்பாதிக்கக்கூடாது என்று சொல்லி, அடகுத் தொழிலையே அவர் அதில் விலக்கி வைத்தார். சொன்னதோடு நிற்கவும் இல்லை. 1746இல் லண்டனில் நகரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போய் 50 பவுண் சேர்த்து, இரண்டு பொறுப்பாளர்களை வைத்து, ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையும் ஏழைத் தொழிலாளிகளுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்க ஏற்பாடு செய்தார். ஒருவருக்கு 20 ஷில்லிங்குக்கு, அதாவது ஒரு பவுணுக்கு, மேல் இல்லை, மூன்று மாதத்தில் திருப்பவேண்டும். அந்தச் சிறிய தொகையைச் சுழற்றி ஒரே வருடத்தில் 250 பேருக்கு உதவியிருக்கிறார்கள். நம் சபைகளில் அறுவடை விழா ஏலக் காசு எதற்கெல்லாமோ போகிறது. அதில் ஒரு பங்கை இப்படி ஒதுக்கலாம் என்று சபைக் கூட்டத்தில் அப்பாவே எழுந்து சொன்னால் கேட்பார்கள், அவருக்கு அந்த மதிப்பு இருக்கிறது.

அப்பாவிடம் எப்படிக் கதைப்பது? வரி வசூலிப்பவர்களின் தலைவனாயிருந்து பணக்காரனான சகேயுவிடம் இயேசு நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். கணக்குக் கேட்கவில்லை, ஊர் நடுவில் வைத்துக் கடிந்துகொள்ளவும் இல்லை. உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், போனார். பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயுதான் எழுந்து நின்று சொன்னான். ஒருவன் தானாகக் குற்றத்தை அறிக்கையிட்டால் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று எண்ணாகமத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே போனான் அவன். பாதிச் சொத்தைக் கொடுக்கிறேன் என்றதோடு அவன் நிறுத்திக்கொள்ளவில்லை என்பதையும் பாருங்கள். ஏழைகளுக்குக் கொடுப்பது ஒரு கணக்கு, பறித்தவனுக்குத் திருப்புவது வேறு கணக்கு. அப்பா வாங்கிக் கொடுக்கும் கொப்பியும் சப்பாத்தும் முதல் கணக்கில்தான் சேரும். அதே பிள்ளைகளில் சிலரின் தகப்பன்மார் உங்கள் தராசில் மீன் நிறுக்கிறவர்களாக இருந்தால், அதை நினைக்கவே மனம் பாரமாக இருக்கிறது.

ஆகவே அப்பாவோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காருங்கள். இந்த விஷயத்தைச் சபையில் சாட்சியாகச் சொல்ல வேண்டாம், போதகரைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் முன்னால் எடுக்கவும் வேண்டாம். தகப்பனைக் கனம்பண்ணு என்பதும் கட்டளைதான். மேலே போட்ட கணக்கை மட்டும் அவர் முன் வையுங்கள். நாற்பது வருடம் வியாபாரம் செய்தவர் பிரசங்கத்தைக் காது கொடுத்துக் கேட்காமல் விடலாம். கணக்கை விளங்காமல் விடமாட்டார்.

செய்யவேண்டியது அதிகமில்லை. கடன் வாங்கியவருக்கும் வாங்காதவருக்கும் அன்றைய விலை ஒன்றாக இருக்கட்டும். கடனுக்கு நாளாந்தம் ஒரு தொகையை ஒப்புக்கொண்டு கழியுங்கள், கழித்ததை வள்ளக்காரரிடம் இருக்கும் கொப்பியிலும் எழுதிக் கையொப்பம் வையுங்கள். இது முக்கியம். கணக்கு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கிறவரை அவர் உங்கள் அடிமைதான். கடலுக்குப் போகாத நாளில் கழிக்காதீர்கள். பழைய கடன்களில், விலைக்குறைப்பால் ஏற்கெனவே முதல் திரும்பிவிட்டவற்றைத் தள்ளிவிடுங்கள். அப்பா எல்லாவற்றுக்கும் உடன்படாவிட்டால் தராசில் தொடங்குங்கள், அதை மறுத்துப் பேச அவருக்கு வாயிருக்காது. உங்கள் சம்பளத்திலிருந்து ஒருவருடைய கடனை நீங்களே தீர்க்கலாம் என்றால் அதையும் செய்யுங்கள், வலதுகை செய்வது இடதுகைக்குத் தெரியாமல்.

நட்டம் வருமா? வரும். குறைந்த விலையில் வந்த இலாபம் நிற்கும், அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சிலர் கடனை வைத்துவிட்டு மீனைப் பக்கத்து வாடிக்குக் கொண்டுபோவார்கள். “கைம்மாறுகருதாமல் கடன் கொடுங்கள்” என்று லூக்காவில் சொன்னபோது இயேசு இதை அறியாமல் சொல்லவில்லை. எல்லாவற்றையும் இழந்துவிடு என்று நான் சொல்லவில்லை, தம்பி. இப்போது உங்கள் வீட்டுக்கு வரும் காசில் உங்களுக்குச் சேராத ஒரு பகுதி இருக்கிறது, அது வராமல் போகும். உங்களிடம் மீன் போடுகிறவர்களில் சைவர்கள் இருப்பார்கள், முஸ்லிம்கள் இருப்பார்கள். நம்முடைய வேதத்தை அவர்கள் திறந்து பார்க்கப் போவதில்லை. இயேசுவின் ஆட்கள் எப்படிப்பட்டவர்கள் என்று விடியற்காலை உங்கள் வாடியில்தான் அவர்கள் பார்க்கிறார்கள்.

இறையியல் கல்லூரியைப் பற்றிக் கேட்டீர்கள். அழைப்பு இருந்தால் பிறகு போகலாம், அதை நான் தடுக்கவில்லை. ஆனால் இந்தக் கணக்கிலிருந்து தப்புவதற்காகப் போகாதீர்கள். நீங்கள் போனால் அந்தக் கொப்பியை வேறொருவர் எழுதுவார், வள்ளக்காரர் பாடு மாறாது. உங்களைப்போல் அதை வாசிக்கத் தெரிந்தவர் அங்கே இப்போதைக்கு வேறு யாரும் இல்லை.

ஒன்று மட்டும் தாமதிக்க வேண்டாம். வாடைக்காற்று தொடங்கி வள்ளங்கள் கரையேறுவதற்கு முன்பே அப்பாவோடு கதைத்து முடியுங்கள். மாரியில்தான் எல்லோரும் அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் புதுக்கடன் கேட்டு வருவார்கள். அந்த நேரம் பழைய ஒழுங்கில் ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த சோளகக்காற்றுக் காலம் முடியும்வரை அதை மாற்றுவது கஷ்டம். அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். இந்தப் பதிலை அவர் வாசித்து என்னோடு கதைக்க விரும்பினால் வீட்டுக்கே வரலாம்.

அன்புடன்,
டீச்சர்