பரண் மேல் நாலு குட்டி

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில் பூனை நாலு குட்டி போட்டு முப்பது நாளாகிறது. கீழே இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டனவே என்று பசும்பாலில் சோறு பிசைந்து வைத்தேன். இரண்டு குட்டிக்கு வயிற்றுப்போக்கு. தாயும் பால் கொடுக்காமல் உதறிவிட்டுப் போகிறது. நாங்கள் சைவம். வேறு என்ன கொடுக்கலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதல் வேலையாக அந்தப் பால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். பூனை என்றால் பால் என்பது நம் மனதில் ஊறிய கணக்கு; குட்டியின் வயிற்றுக்கு அது தெரியாது. பசும்பாலில் இருக்கும் லாக்டோஸ் என்ற சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிப்பதில்லை. பூனைப்பாலில் உள்ள அளவு புரதமும் அதில் கிடையாது. இவ்வளவு சிறிய உடம்பில் நீர்ச்சத்து சீக்கிரம் வற்றிவிடும். இன்னும் போக்கு நிற்கவில்லை என்றால் இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். குடற்புழுவும் காரணமாக இருக்கலாம். புழு மருந்தை அவர் எடை பார்த்துத் தரட்டும், நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

தாய் உதறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம். குட்டிகளுக்குப் பால்பல் முளைத்துவிட்டது, கடித்தால் அதற்கும் வலிக்குமே! ஆனாலும் குட்டிகளுக்கு ஏழெட்டு வாரம் ஆகும் வரை விட்டுவிட்டுப் பால் கொடுக்கும். நீங்கள் பிரித்து வைக்காதீர்கள்.

சைவம் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் சைவம், பூனை சைவமில்லை. டாரின் என்ற சத்து அதற்கு மாமிசத்திலிருந்துதான் கிடைக்கிறது. அது குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். தயிர்சாதம் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். மீன் வேகவைக்க மனமில்லையென்றால், 'குட்டிகளுக்கானது' என்று போட்டிருக்கும் உலர்தீவனப் பாக்கெட்டை வாங்குங்கள். கொஞ்சம் வாடை வரும், கொல்லைப்பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு ஸ்பூன் தீவனத்தில் மூன்று ஸ்பூன் வெந்நீர் ஊற்றி, ஊறியதும் கூழாகக் கரையுங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போது, சாசர் போன்ற தட்டையான தட்டில் வையுங்கள். விரலில் தொட்டு உதட்டில் தடவினால் நக்கிப் பார்க்கும். முகத்தைப் பிடித்துத் தட்டில் அழுத்தாதீர்கள், மூக்கில் ஏறிவிடும். முதல் இரண்டு நாள் சாப்பிடுவதைவிட மிதிப்பதுதான் அதிகம்! ஈரத்துணியால் துடைத்து, காயவிடுங்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை போதும். நம் வெயிலில் மிச்சத்தை அரைமணிக்கு மேல் விடக் கூடாது. எறும்பு வராமல் இருக்க, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, சாசரை அதன்மேல் வையுங்கள். தாம்பாளத்தில் விரல்கடை தண்ணீர் போதும், விழுந்தாலும் நனைவதோடு சரி. வாரத்துக்கு வாரம் வெந்நீரைக் குறைத்துக்கொண்டே வந்தால், குட்டிகளுக்கு எட்டு வாரம் ஆகும்போது உலர்தீவனத்தையே கடித்துத் தின்னும். குடிக்கத் தண்ணீர் தனியாக, ஆழமில்லாத கிண்ணத்தில்.

சமையலறைத் தராசு இருக்கிறதா? ஒவ்வொன்றையும் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். வாரத்துக்குச் சுமார் 100 கிராம் ஏற வேண்டும். ஒரு குட்டி மட்டும் இரண்டு நாள் ஏறாமல் நின்றால் அதையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. நீங்கள் தட்டை வைத்ததும் தாய்தான் முதலில் வந்து காலி பண்ணும். விரட்டிவிடாதீர்கள். பால் கொடுக்கிற உடம்புக்கும் அந்தத் தீவனம் நல்லது. அது சாப்பிடுவதைப் பார்த்துத்தான் குட்டிகளும் தட்டுப்பக்கம் வரும். இன்னும் ஒரு சாசர் கூடுதலாக வைத்துவிடுங்கள்.