தஹினி (வறுத்த எள்ளை அரைத்த விழுது) டிப் வீட்டில் செய்தால் கசக்கிறது, எலுமிச்சை பிழிந்ததும் கட்டியாகிவிடுகிறது, என்ன செய்யலாம்?

கசப்புக்குப் பெரும்பாலும் வறுவல்தான் காரணம். எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் எள் என்றாலே படபடவெனப் பொரியும்வரை வறுப்பதுதான் வழக்கம். இட்லிக்கான எள்ளுப்பொடிக்கு அந்த முற்றிய வறுவலும் கறுப்பு எள்ளின் தோலும் சுவை கூட்டும். லெபனான், சிரியா நாட்டுத் தஹினிக்கு இரண்டுமே ஆகாது. தோலிலும் கசப்பு உண்டு என்பதால், தோல் நீக்கிய வெள்ளை எள்ளாகவே கேட்டு வாங்குங்கள்.

200 கிராம் எள்ளை அடிகனத்த வாணலியில் சிறு தீயில் கைவிடாமல் கிளறி, மணம் எழுந்தவுடன், சிவக்கும் முன்பே தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டிலேயே சிவந்துவிடும். பிறகு மிக்ஸியின் சட்னி ஜாரில் அரைக்கும்போது முதலில் பொடியாகி, அடுத்து ஈர மணல் போலச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதை வழித்துவிட்டு, மிக்ஸி சூடேறாமல் விட்டுவிட்டு அரைத்தால் எண்ணெய் கக்கி, கரண்டியிலிருந்து ஒழுகும் விழுதாகும். எள்ளின் எடையில் ஏறத்தாழப் பாதி எண்ணெய்தான் என்பதால், மேலும் 2 மேசைக்கரண்டி சேர்த்தாலே போதும். கருப்பட்டி போட்டு ஆட்டிய செக்கு நல்லெண்ணெயின் மணம் இதில் தூக்கலாகத் தெரியும். எனக்கு மணமில்லாத சூரியகாந்தி எண்ணெயே சரியென்று படுகிறது.

அரைக் கோப்பை விழுதுக்கு ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தின் சாறு, ஒரு பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். பூண்டை நசுக்கி அந்தச் சாற்றிலேயே பத்து நிமிடம் ஊறவைத்தால் காரம் அடங்கும். சாற்றை வடித்து ஊற்றியதும் விழுது இறுகித் திரிந்தது போலாகிவிடும். நீர் குறைவாக இருக்கையில் எள் அதை உறிஞ்சிக்கொள்வதால் வரும் இறுக்கம் அது. அங்கே எண்ணெய் ஊற்றினால் பிசுக்குத்தான் மிஞ்சும். ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விட்டு அடித்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் சட்டென்று இளகி, நிறமும் வெளுத்து, தயிர்ப் பதத்துக்கு வந்துவிடும்.

பிட்டா ரொட்டி தேடி அலைய வேண்டியதில்லை. சூடான வெள்ளைப் பணியாரத்துக்கு இது நன்றாகவே சேரும், ஆனால் மிளகாய்த் துவையலும் பக்கத்தில் இருக்கட்டும். எள் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பரிமாற வேண்டாம். கலந்த டிப்பை ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். தண்ணீர் படாத விழுது ஒரு மாதம் இருக்கும், மேலே எண்ணெய் பிரிந்து நின்றால் கிளறிக்கொள்ளலாம்.